கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வாசற்படி

பூகோள வகுப்பில் நார்வே தேசத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்டின் மேற்குக் கரையில், கடலானது மலைகளின் இடையே குறுகி நெடுந்தூரம் உள்ளே புகுந்திருக்கும் இடங்களுக்குப் 'பியோர்டு' என்று பெயர் எனச் சொல்லிக் கரும்பலகையில் படமும் போட்டோம். இரு பக்கமும் செங்குத்தான மலை, நடுவிலே ஆழமான நீர். கடைசி வரிசையிலிருந்த ஒரு பையன் எழுந்து, "சார், இது நம்ம கம்பம் பள்ளத்தாக்கு மாதிரியே இருக்கு. தண்ணிதான் இல்லை" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்துவிட்டுப் பாடத்தை மேலே நடத்தினோம்.

வீடு திரும்பிய பிறகுதான் பையன் சொன்னது விளையாட்டுப் பேச்சல்லவென்று பட்டது. நார்வேயின் பியோர்டுகள் ஆதியில் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள். பிற்பாடு கடல் ஏறி அவற்றை மூழ்கடித்தது. நம் பக்கத்திலும் மூழ்கிய பள்ளத்தாக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது மலைச் சுவருக்கு அப்பால், தேக்கடியில், மறைந்து கிடக்கிறது. அதிலிருந்து வரும் தண்ணீரைக் குடித்துத்தான் நாம் இந்தப் பாடத்தையெல்லாம் நடத்துகிறோம். அந்த நீர் எங்கே நிற்கிறது, எங்கே நடக்கிறது, நடக்கும் வழியில் அதற்கு என்ன நேருகிறது என்பதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று கோடை விடுமுறையில் நண்பர் ஒருவருடன் கிளம்பினோம்.

தேனியிலிருந்து குமுளி சுமார் 40 மைல். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இடது கைப்புறம் மேகமலைத் தொடர், வலது கைப்புறம் ஏலமலைகள். இரண்டும் போகப் போக நெருங்கி வந்து, கூடலூரைத் தாண்டியதும் ஒன்றையொன்று தொட்டுவிடுமோ என்று தோன்றுகிறது. நடுவே நெல் வயல், தென்னந்தோப்பு, வாழை, பந்தல் பந்தலாகத் திராட்சைக் கொடி. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நேயர்கள் அறிவார்கள். மலையடிவாரத்து லோயர்காம்பிலிருந்து பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறியது. குமுளியை அடைந்ததும் காற்றில் ஏலக்காய் மணம். கூடவே எல்லையூர்ச் சந்தடியும் பஸ் புகையும்.

தேக்கடி ஏரிக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் யானை பார்க்க வருகிறவர்கள். படகில் எல்லோரும் கரையையே பார்த்துக்கொண்டிருக்க, நாம் இருவர் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்திலிருந்த அம்மாள், ஏதோ பொருளைத் தவறவிட்டு விட்டோம் என்றெண்ணி அனுதாபத்துடன் விசாரித்தார்!

ஏரியில் முதலில் கண்ணில் படுவன, நீருக்கு மேலே தலை நீட்டும் கருத்த மரக்கட்டைகள். அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்கின்றன. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. நூற்றுமுப்பது ஆண்டுகளாகத் தண்ணீரில் நின்றும் இன்னும் விழாமல் இருக்கின்றன. நம் காலடியில் ஒரு பள்ளத்தாக்கு முழுமையும் அமிழ்ந்து கிடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மேற்கே ஓடி வீணே கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரருக்கு முதன்முதல் உதித்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரத்துச் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கு ஆராய்ந்து பார்த்தார். பணம் போதாமல் அது நின்றுபோயிற்று. 1876-ஆம் ஆண்டின் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டி எடுத்த பிறகுதான் காரியம் சூடு பிடித்தது. 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1887-இல் கர்னல் பென்னிகுக் தலைமையில் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லுமாகக் கட்டிய அணை. எஞ்சினீயருக்கு இன்று லோயர்காம்பில் மணிமண்டபம் இருக்கிறது. தைப் பொங்கலன்று அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தகும். ஆனால் மலைக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் அந்தக் காட்டில் மடிந்த நம் கூலியாட்களுக்குத் தனிப் பொங்கல் கிடையாது. அந்தப் பொங்கலில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டென்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இனி, தலைப்பில் சொன்ன வாசற்படிக்கு வருவோம்.

அணையில் நீர் நின்றால் மட்டும் கம்பத்துக்கு வந்துவிடாது. இடையே மலை இருக்கிறது. தேக்கடியில் ஏரியின் ஒரு கோடியிலிருந்து வாய்க்கால் வெட்டி, அங்கிருந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு மலையைக் குடைந்து சுரங்கம் விட்டிருக்கிறார்கள். அந்த வழியின் தரைமட்டம், அணையின் கணக்கில் 104 அடி. அதாவது ஏரியில் நீர் 104 அடிக்கு மேல் இருந்தால்தான் ஒரு சொட்டாவது கிழக்கே இறங்கும். முழு உயரம் 152 அடியானாலும், 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 142 அடி வரையில்தான் தேக்கலாம். ஆகவே நமக்குப் பயன்படுவது இடையிலுள்ள 38 அடி நீர் மட்டுமே. 104 அடிக்குக் கீழே உள்ள நீர், மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, இருந்த இடத்திலேயே இருக்கும். அதையும் எடுக்க 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் அமைக்கலாம் என்ற யோசனை, உச்ச நீதிமன்றம் நியமித்த குழுவால் 2012-இல் சொல்லப்பட்டது. அது யோசனையாகவே நின்றுவிட்டது.

பழைய வீடுகளின் முற்றத்தை நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் நாலு தாழ்வாரத்து நீரும் முற்றத்தில் விழும். ஜலதாரை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நீர் வாசற்படி உயரத்துக்கு ஏறி, அதற்கு மேற்பட்டது மாத்திரம் வெளியே போகும். படிக்குக் கீழே நிற்பது போகாது. இரண்டு நாளில் அதில் பாசி பிடிக்கும், நாலாம் நாள் நாறும்.

நார்வேயின் பியோர்டுகளுக்கும் இப்படியொரு வாசற்படி உண்டு. பனியாறு தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும், அது குடையாமல் விட்ட பாறையும் பியோர்டின் முகப்பில் மேடாக நிற்கின்றன. சோக்னே பியோர்டு என்பது 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. ஆழம் சுமார் 1,300 மீட்டர். முகப்பிலோ ஆழம் அதில் ஒரு சிறு பங்குதான். மலையிலிருந்து இறங்கும் ஆற்று நீர் லேசானதாகையால் மேலே மிதந்து கடலை நோக்கிப் போகும். அதன் கீழே கடலின் உப்பு நீர் உள்ளே வரும். மேலே இப்படிப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்க, படிக்குக் கீழேயுள்ள ஆழத்து நீர் மட்டும் அசையாமல் கிடக்கும். கரையூர்களின் கழிவும், மீன் வளர்க்கும் கூடுகளின் எச்சமும் அதில் போய் அடங்குகின்றன. அவை மக்குவதற்கு அங்குள்ள பிராணவாயு செலவாகிறது. புது வாயுவோ வருவதில்லை. எப்போதாவது ஒரு சமயம், வெளியிலிருந்து கனத்த உப்பு நீர் படியைத் தாண்டி உள்ளே விழுந்து, பழைய நீரைக் கிளப்பித் தள்ளினால் பியோர்டு மூச்சு விடும். இல்லாவிட்டால் இல்லை. பிராம்வாரன் என்ற பியோர்டின் படிக்கு மேல் இரண்டு மீட்டர் நீர்தான். உள்ளேயோ 180 மீட்டர் ஆழம். அதன் அடியில் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு நிறைந்து, மீன் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் இருக்கிறது. கருங்கடல் முழுவதுமே இப்படிப்பட்ட ஒரு பெரிய முற்றம் என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் உண்மை.

தேக்கடி ஏரியில் உப்பு நீர் இல்லை. அங்கே தட்டுப் பிரிப்பது வெயில். அடுப்பேற்றிய வெந்நீர் அண்டாவில் நெருப்பு அடியில் இருப்பதால் நீர் தானே கலங்கிச் சுழலும். ஏரிக்கோ நெருப்பு மேலே இருக்கிறது. மேல் நீர் சூடேறி லேசாகி மேலேயே நிற்கும். குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடும். மழைக் காலத்து வெள்ளமும் காற்றும் மார்கழிக் குளிரும்தான் இரண்டையும் கலக்க வேண்டும். இவ்வளவிருந்தும் இந்த ஏரி இன்றும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதென்றால், சுற்றியுள்ள காடே காரணம். 1978 முதல் இது புலிகள் காப்பகம். ஏரிக்குள் வரும் ஓடைகளில் பெரும்பாலானவை மனிதர் வீட்டு வாசலைக் காணாமலே வந்து சேர்கின்றன. குமுளியின் சாக்கடை ஏரியை நாடுகிறது என்ற முறையீடு மட்டும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஜலதாரை இல்லாத முற்றத்தில் அடுக்களைக் கழிவைக் கொட்டுவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை வீட்டுப் பெண்மணிகளே சொல்லட்டும்.

மறுநாள் காலையில் நீரோடு கூடவே நாமும் இறங்கினோம். சுரங்கத்தைக் கடந்த நீர் மலையின் கிழக்குப் புறத்தில் ஒரு சிறு தேக்கத்தில் நின்று, நாலு ராட்சதக் குழாய்கள் வழியே லோயர்காம்பு மின்சார நிலையத்தில் பாய்கிறது. குழாய்க்குள் போகாத நீர் பாறை வழியே இரைந்து விழும் இடத்துக்கு இரைச்சல் பாலம் என்று ஜனங்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமாகப் புலவர்களாலும் வைத்திருக்க முடியாது. நீர் அங்கே காற்றோடு கலந்து, நுரைத்து, பிராணவாயுவை வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கீழே வருகிறது. வைரவனாற்றில் சேர்ந்து, சுருளியாற்றையும் கூட்டிக்கொண்டு, முல்லைப் பெரியாறு என்று பெயர் பெற்றுப் பள்ளத்தாக்கில் நடக்கத் தொடங்குகிறது. லோயர்காம்பில் ஒரு கை அள்ளிப் பார்த்தோம். கைரேகை தெரிந்தது.

அந்தக் கைரேகை அடுத்த ஊர் வரையில்தான் தெரியும்.

ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம். எந்த ஊரைச் சொன்னாலும் மற்ற ஊர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்வதற்கு நியாயமில்லை. பாலத்தின் பக்கத்தில் கருநீலமாக ஒரு சாக்கடை ஆற்றில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அது விழும் இடத்துக்கு இருபது கெஜம் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் சற்றுக் கீழே ஆற்றின் நடுவில் ஒரு கிணறு தெரிந்தது. குடிநீர் எடுக்கும் கிணறு என்று நண்பர் சொன்னார். நாம் பார்த்த மட்டில் இதே காட்சி, ஆள் மாறி ஊர் மாறி, தேனி வரையில் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வோர் ஊரும் மேல் ஊரின் கழிவைக் குடித்து, தன் கழிவைக் கீழ் ஊருக்குக் குடிக்கக் கொடுக்கிறது. வெள்ளைக்காரன் நீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சுயராஜ்யம் வந்து முக்கால் நூற்றாண்டு தாண்டியும் அந்த நீரில் நாம் சேர்த்தது இதுதானா என்று வெட்கமாக இருந்தது.

இதிலே கணக்கு ஒன்று இருக்கிறது. உபாத்தியாயர் வேலை நம்மை விடுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்த ஆற்றை நம்பியிருக்கிறது. ஏரியில் நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்கு மதகு திறப்பது வழக்கம். பாசனத்துக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, ஆக வினாடிக்கு 300 கன அடி. கோடையிலோ குடிநீருக்குரிய 100 கன அடி அளவில்தான் வருகிறது. வினாடிக்கு 100 கன அடி என்றால் நாளொன்றுக்குச் சுமார் 24 கோடியே 50 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்களின் சாக்கடை கோடைக்கென்று குறைவதில்லை. அழுக்கு அதே அளவு. அதைக் கரைத்துச் சுமந்து செல்லும் நீர் மூன்றில் ஒரு பங்கு. எனவே ஒவ்வொரு குடத்திலும் அழுக்கு மும்மடங்கு.

இன்னொன்றும் உண்டு. ஆற்றின் குறுக்கே வாய்க்கால்களுக்கு நீர் திருப்பச் சிறு தடுப்பணைகள் பல இருக்கின்றன. அவை அத்தியாவசியமானவை; குறை சொல்வதற்கில்லை. ஆனால் நீர் வரத்துக் குறைந்ததும் ஒவ்வொரு தடுப்பணையின் பின்னாலும் ஒரு மடு தேங்குகிறது. வாசற்படி ஒன்று, அதற்குப் பின்னே அசையாத நீர். ஆம், நார்வேயில் 1,300 மீட்டர் ஆழத்தில் நடப்பதை இங்கே இடுப்பளவு ஆழத்தில் பார்க்கலாம்! மேலே ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது; காற்றும் தொடுவதில்லை. குச்சியை விட்டுக் கிளறினால் குமிழி கிளம்புகிறது. அந்த முட்டை நாற்றத்துக்குப் பாஸ்போர்ட்டு எடுத்துக்கொண்டு நார்வே போக வேண்டியதில்லை.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். நாம் யாரென்று விசாரித்துக்கொண்டு, துண்டை உதறி விரித்து உட்காரச் சொன்னார்.

"வாத்தியாரையா, எங்கய்யா காலத்துல களை எடுத்துட்டு இந்த வாய்க்கால்லயே குனிஞ்சு குடிப்பாக. நானும் குடிச்சிருக்கேன். இப்ப என் பேரன் கால் கழுவவே யோசிக்கிறான். கால் அரிக்குதாம்."

"ஊரில் யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லையா?"

"யார்கிட்டப் போயி யாரைச் சொல்றது? என் வீட்டுத் தண்ணியும் அதுலதானய்யா போகுது?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. பேச்சு மதுரைக்குழாயின் மேல் திரும்பிற்று. லோயர்காம்பிலேயே நீரை எடுத்து மதுரை நகரத்துக்குக் குழாய் மூலம் கொண்டு செல்ல, ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் திட்டம் போட்டார்கள். நாள்தோறும் 12 கோடியே 50 லட்சம் லிட்டர். கோடையில் வரும் 100 கன அடியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி. பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்துப் போராடியது வெளியூர்க்காரர்களுக்குக் கஞ்சத்தனமாகக்கூடத் தோன்றியிருக்கும்.

"மதுரைக்காரவுக குடிக்க வேணாம்னு யாருய்யா சொன்னா? நம்ம புள்ளைகளும் அங்கதான் படிக்குது, பொழைக்குது. தண்ணி ஆத்து வழியா நடந்து போயி வைகை அணையில சேரட்டும், அங்கன எடுத்துக்கிடுங்கன்னுதான் சொன்னோம். நடந்து போற தண்ணி நாலு பேரை நனைச்சிட்டுப் போகும். குழாய்க்குள்ள போனா யாருக்குத் தெரியுது?"

மதுரைக்காரர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மேலே தெளிந்த நீர் இருக்க, நாலைந்து ஊரின் கழிவைச் சுமந்த நீரை ஏன் குடிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் தப்பென்ன? ஆற்றை நாம் சுத்தமாக வைத்திருந்தால் குழாய்க்கு இவ்வளவு வலுவான வாதம் கிடைத்திராது. ஆனால் நல்ல நீரை மேலேயே உருவிக்கொண்டால், கீழே எஞ்சும் ஆறு இன்னும் மெதுவாக நடக்கும், இன்னும் அதிகமாகத் தேங்கும். ஊர்தோறும் சாக்கடையைச் சுத்திகரித்து விடுவதற்கு அந்த ஆயிரம் கோடியில் ஒரு பங்காவது முதலில் செலவாகியிருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். குழாயை அதற்குப் பிறகு போட்டிருக்கலாம்.

வீரபாண்டியில் கௌமாரியம்மன் சந்நிதியில் சித்திரைத் திருவிழா. அத்தி மரத்து முக்கொம்புக் கம்பத்துக்கு ஆற்றிலிருந்து நீர் மொண்டு வந்து ஊற்றுவது இத்தலத்து வழக்கம். பெண்கள் ஈரப் புடவையோடு குடத்தைத் தலையில் தாங்கி வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வருஷத்திலேயே ஆறு மிகவும் மெலிந்திருக்கும் மாதம் அது. படித்துறையில் ஒரு பாட்டி, குடத்தை அமிழ்த்துவதற்கு முன் கையால் நுரையையும் காகிதத்தையும் இப்படியும் அப்படியும் விலக்கிக்கொண்டிருந்தாள். நடு ஆறு வரையில் போய்த்தான் அவள் குடம் நிரம்பிற்று.

அங்கிருந்து முல்லையாறு தேனியைக் கடந்து வைகையோடு கலந்து, 1959-இல் காமராஜர் திறந்துவைத்த வைகை அணையில் போய் நிற்கிறது. அதற்கு 71 அடி. அங்கே சேரும் நீர்தான் மதுரைச் சீமைக்கெல்லாம். நாம் போன அன்று அணையின் ஓரத்தில் நீர் பச்சை வர்ணம் கரைத்தாற்போல் இருந்தது. மேலே வெயில், கீழே வண்டல், இடையே ஒரு பள்ளத்தாக்கின் கழிவு முழுவதும் உரமாக. பாசிக்கு இதைவிட என்ன வேண்டும்?

விடுமுறை முடிவதற்குள் மதகு திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. திறந்த மூன்றாம் நாள் வீரபாண்டிப் பாலத்துக்குப் போனோம். அந்தப் பையனும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தான். ஆறு செந்நிறமாய்ப் புரண்டு வந்தது. பாலத்துக்கடியில் ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து போயிற்று. அதன் பின்னே பிளாஸ்டிக் பைகள், கிழிந்த மெத்தை ஒன்று, வெள்ளை வயிறு தெரியச் செத்த மீன்கள். கரையில் நின்றவர்கள் தண்ணீர் வந்துவிட்டதென்று கும்பிட்டார்கள்.

"சார், இதெல்லாம் எங்கே போகும்?" என்றான்.

"வைகை அணைக்கு" என்றோம்.

"அங்கே வாசற்படி எத்தனை அடி சார்?"